ஆறு மார்க்கும் லயனலின் பென்சிலும்

லயனல் வொசினை டென்பரோவில் தெரியாதவர்கள் இல்லை. பிடித்தவர்கள் கொஞ்சம் குறைவு. எங்கள் ஊர்ப் பத்திரிகையில் பிழை திருத்துகிற மேசை அவனுடையது. என்னைவிட இரண்டு வயது இளையவன், பல வருஷமாகப் பக்கத்துப் பக்கத்து நாற்காலி, அதனால் அவன் இவன் என்றுதான் எனக்கு எழுத வருகிறது. நான் பெவ் பிங்கம். வாசலை ஒட்டிய கவுன்டரில் உட்கார்ந்து வரி விளம்பரமும் மரண அறிவிப்பும் வாங்கிப் போடுகிறவள். யார் படகை விற்கிறார்கள், யார் போய்ச் சேர்ந்தார்கள், இரண்டும் ஊரில் முதலில் எனக்குத்தான் தெரியும்.

திருத்துவது லயனலுக்கு வேலை இல்லை, வியாதி. சாப்பிடப் போனால் தட்டு வருவதற்குள் மெனு அட்டையில் நாலு இடத்தில் பென்சில் பட்டிருக்கும். கோயிலில் பூசை நடக்கும்போதே ஞாயிற்றுக்கிழமை அறிக்கைத்தாளைத் திருத்தி, வெளியே வரும்போது பாதிரியார் கையிலேயே கொடுப்பான். ஃபாதர் ரூயே பொறுமைசாலி. "சந்தோஷம் லயனல், அடுத்த வாரம் ஆண்டவர் இன்னும் தெளிவாப் பேசுவாரு" என்று வாங்கிக்கொள்வார். வண்டியைத் தப்பான இடத்தில் நிறுத்தியதற்குப் போலீஸ்காரர் எழுதிக் கொடுத்த சீட்டைக்கூடத் திருத்திக் காட்டியவன் அவன். அந்த மனிதர் இன்று வரை லயனலின் வண்டியைத் தேடித் தேடிச் சீட்டு ஒட்டுகிறார்.

மனைவி லுசீல் புற்றுநோயில் போனபோது மகள் செலஸ்டுக்குப் பதினோரு வயது. அதற்குப் பிறகு அந்த வீட்டில் அவனும் அவளும்தான். அவனுக்குத் தெரிந்த சமையல் மூன்று, மூன்றிலும் மக்ரோனி. பெண் அதைச் சாப்பிட்டே ஆறடிக்குப் பக்கத்தில் வளர்ந்துவிட்டாள். பள்ளிக்கூடம் விட்டதும் முதியோர் இல்லத்துச் சலவை அறையில் வேலை பார்ப்பாள். பைக்குள் எப்போதும் ஏதாவது ஒரு கல் கிடக்கும். கல் என்றால் அவளுக்கு உயிர். எந்த மலையிலிருந்து வந்தது, எந்தப் பனிப்பாறை இழுத்து வந்து போட்டது என்று நாம் கேட்காமலே சொல்வாள். அதைப் படிக்க அவள் ஆசைப்பட்ட இடம் ஒன்றே ஒன்று, கெல்ஸோ கல்லூரி. கேட்கிறவர்களில் ஆறு பேருக்கு ஒருவரைத்தான் எடுப்பார்கள். எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்திலிருந்து அங்கே போனவர்கள் யார் என்று கேட்டால், வாத்தியார்கள் கொஞ்சம் யோசித்துவிட்டுப் பேச்சை மாற்றுவார்கள்.

கல்லூரிக்குப் போக எழுதுகிற எஸ்.ஏ.டி. பரீட்சையை அவள் எழுதிய காலத்தில் அதில் எழுத்துக்கென்று தனிப் பகுதி ஒன்று உண்டு. கேள்வியைப் பார்த்ததும் இருபத்தைந்து நிமிஷத்துக்குள் பென்சிலால் ஒரு கட்டுரை எழுத வேண்டும். இரண்டு பேர் படித்துப் பன்னிரண்டுக்கு மார்க் போடுவார்கள். கோடை விடுமுறை ஆரம்பிக்கும்போது முடிவு வந்தது. ஒவ்வொரு பகுதிக்கும் எண்ணூறு மார்க். கணக்கிலும் வாசிப்பிலும் எழுநூறுக்கு மேல். எழுத்தில் ஐந்நூற்றி இருபது. கட்டுரைக்குப் பன்னிரண்டுக்கு ஆறு.

மறுநாள் லயனல் ஆபீசுக்கு வந்த முகத்தைப் பார்த்து யாரோ இறந்துவிட்டார்கள் என்று நினைத்து நான் மரண அறிவிப்புப் படிவத்தைக் கையில் எடுத்துவிட்டேன்.

"ஆறு, பெவ்," என்றான். "என் பொண்ணுக்கு. எழுத்துல. ஆறு."

"கணக்குல என்ன?"

"எழுநூத்தி முப்பது. அத யாரு கேட்டா?"

"நான்தான் கேட்டேன். அந்தப் பொண்ணுக்கு ஒரு கேக்காவது வாங்கிக் குடுத்தியா?"

கொடுக்கவில்லை. அன்று சாயங்காலம் நானே போய்ச் சாக்லேட் கேக் வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தேன். செலஸ்ட் சமையல் மேடையில் ஏறி உட்கார்ந்து அதைத் தின்றுகொண்டே, "விடுங்க பெவ் ஆன்ட்டி, அவருக்குத் துக்கம் விசாரிக்க ஆள் வேணும், அவ்வளவுதான்" என்றாள். சிரித்தாளே தவிர அவளுக்கும் உள்ளூர வலித்தது. தின்றுகொண்டிருந்தவள் பாதியில் கேக்கைத் தள்ளி வைத்துவிட்டாள்.

இன்னொரு தடவை எழுது என்றான் லயனல். மாட்டேன் என்றாள். "மறுபடி எழுதினாலும் ஆறுதான்பா வரும். பேப்பர எடுத்து வச்சதும் உன் பென்சில் சத்தம்தான் காதுல கேக்குது. ஒரே வரிய அடிச்சு அடிச்சு எழுதி, நிமிர்ந்து பாத்தா பாதி நேரம் போயிடுச்சு." அவன் அதை வேடிக்கைப் பேச்சு என்று எடுத்துக்கொண்டு என்னிடம் சொல்லிச் சிரித்தான். நான் சிரிக்கவில்லை.

அன்றிலிருந்து அவனுக்கு ஒரே கேள்வி. அந்த மார்க்குக்கு எவ்வளவு மதிப்பு? எடுப்பவர்கள் அதைப் பார்க்கிறார்களா, பார்த்தால் எவ்வளவு பார்க்கிறார்கள்? ஊரில் ஒருத்தரை விடவில்லை. பள்ளிக்கூடத்து ஆலோசகர் டன்னிங், "சில காலேஜ் பாக்கும், சில காலேஜ் பாக்காது. பாக்கிறவங்க பாக்கிறோம்னு சொல்ல மாட்டாங்க" என்றார். பல் டாக்டர் லயனலின் வாயைத் திறக்க வைத்துவிட்டுப் பேசினார்: "எங்க பையனுக்கு எழுத்துல எழுநூறு. கெல்ஸோல எடுத்துக்கிட்டாங்க. ஆனா அதனாலதான்னு சொல்லிட முடியாது, அவன் ஹாக்கில கோல் காக்கிறவன்." லயனல் வாயில் பஞ்சோடு வீட்டுக்கு வந்து, கோல் காப்பது எழுத்தில் எத்தனை மார்க்குக்குச் சமம் என்று யோசித்துக்கொண்டிருந்தானாம். ஃபாதர் ரூயேயைக் கேட்டதற்கு அவர், "லயனல், நான் படிச்ச செமினரில எழுதத் தெரியுமான்னே கேக்கல, அதான் நீ வாராவாரம் பாக்கிறியே" என்றார்.

அக்டோபரில் கல்லூரியைச் சுற்றிக் காட்ட ஒரு சனிக்கிழமை கூப்பிட்டிருந்தார்கள். லயனலின் பழைய வண்டி அவ்வளவு தூரம் தாங்காது என்று என் வண்டியில் மூவரும் போனோம். பெரிய கூடத்தில் பெற்றோர்களும் பிள்ளைகளும் நிறைந்து உட்கார்ந்திருந்தார்கள். ஓக்ஸ் என்ற பெண், விண்ணப்பங்களைப் படிப்பவர்களில் ஒருவர், நன்றாகப் பேசினார். நாங்கள் மார்க்கை மட்டும் பார்ப்பதில்லை, முழு ஆளையும் பார்க்கிறோம் என்றார். கேள்வி உண்டா என்றதும் லயனல் எழுந்துவிட்டான்.

"முழு ஆளையும் பாக்கிறோம்னு சொல்றீங்க, சரி. அப்ப எழுத்துல ஆறு மார்க்கும் அந்த முழு ஆள்ல ஒரு பங்குதானே? அது எத்தனாவது பங்கு?"

கூடம் சிரித்தது. செலஸ்ட் குனிந்து காலணிக் கயிற்றை அவிழ்த்துக் கட்டினாள், பிறகு மறுபடி அவிழ்த்துக் கட்டினாள். ஓக்ஸ் சிரிக்காமல், "பங்கு போட்டுச் சொல்ல முடிஞ்சா எங்க வேலை சுலபமா இருக்கும் சார்" என்றார். லயனல் அதை ஆபீசுக்கு வந்து பத்துப் பேரிடம் சொல்லி, அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டான். அர்த்தம் ஒன்றுமில்லை, உட்கார் என்பதுதான் அர்த்தம் என்று நான் சொன்னேன்.

விண்ணப்பத்தோடு அனுப்ப ஒரு கட்டுரை எழுத வேண்டும். அது வீட்டில் உட்கார்ந்து எழுதுவது. செலஸ்ட் சலவை அறையைப் பற்றி எழுதினாள். எங்கள் ஆபீஸ் இயந்திரத்தில் நகல் எடுக்க வந்தபோது என் கையில் கொடுத்தாள், நான் நின்றவாக்கிலேயே படித்தேன். முதியோர் இல்லத்தில் எல்லோர் துணியிலும் பெயர் எழுதித் தைத்திருப்பார்கள். ஒரு நாள் துணி மாறி, மறதி முற்றிய ஒரு கிழவருக்கு வேறு ஒருவர் சட்டை போய்விட்டது. அவர் கழுத்துப் பட்டையைப் பார்த்துவிட்டு, சரி, நான் இவர்தான் போலிருக்கிறது என்று அந்தப் பெயருக்கே திரும்பிப் பார்க்க ஆரம்பித்தார். பழைய ஆளைவிட இந்தப் புது ஆள் நல்லவர், சூப்பைக் கொட்டுவதில்லை என்று எழுதியிருந்தாள். பிறகு, தான் சட்டையை மாற்றிக் கொடுத்ததும் அவர் முகம் போன போக்கை எழுதியிருந்தாள். ஓரிடத்தில் சிரித்தேன், அடுத்த இடத்தில் மூக்கைச் சிந்தினேன். வாக்கியங்கள் அங்கங்கே தடுக்கத்தான் செய்தன. தடுக்கட்டுமே, எழுதினவளுக்குப் பதினேழு வயசு.

"அப்பா கமா மட்டும் பாக்கட்டும்னு குடுக்கப் போறேன்" என்றாள்.

"குடுக்காத."

"பாவம் ஆன்ட்டி. தூங்க மாட்டேங்கிறாரு. என் எழுத்து மார்க்குக்குக் கட்டுரைதான் ஈடுன்னு சொல்லிட்டு வீட்டுல நடந்துக்கிட்டே இருக்காரு. அவர் பாத்தா கொஞ்சம் நிம்மதியா இருப்பாரு."

அப்பனுக்கு நிம்மதி வரட்டும் என்று பெண் தன் எழுத்தைக் கொடுத்தாள். எனக்கு இன்றும் நினைத்தால் எரிச்சல் வருவது அங்கேதான். அவன் முதலில் கமாதான் பார்த்தான். அப்புறம் ஒரு சொல். அப்புறம் அந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் நிற்கத் தகுதியில்லாத இன்னொரு சொல். அவள் சலவை முடிந்து வந்து, பென்சில் போட்டதையெல்லாம் பிள்ளைகள் செய்வது போல வாய் பேசாமல் அப்படியே மாற்றித் தட்டச்சு செய்து கொடுப்பாள். அவன் மறுபடி எடுப்பான். நவம்பர் முழுக்க இதே கூத்து. கடைசியில் வந்ததை என்னிடம் பெருமையாகக் காட்டினான். 'மனித கண்ணியம் என்பது நாம் அணியும் ஆடையில் இல்லை' என்று ஆரம்பித்தது. கிழவர் இருந்தார். சூப் இல்லை. முகம் போன போக்கு இருந்த இடத்தில் 'சொல்லொணாத் துயரம்' இருந்தது.

"நல்லாயிருக்கா?" என்றான்.

"நம்ம தலையங்கம் மாதிரி இருக்கு."

அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டான். செலஸ்ட் அவனிடம் ஒரே ஒரு தடவை, "இது நான்தானாப்பா?" என்று கேட்டாளாம். "நீதான், தல சீவி விட்டிருக்கேன்" என்றானாம். டிசம்பரில் அனுப்பிவிட்டார்கள்.

ஜனவரி எப்படியோ போயிற்று. பிப்ரவரியில், தெருவில் பனி இடுப்பளவு கிடந்த ஒரு மத்தியானம், டன்னிங்கிடமிருந்து லயனலுக்குத் தொலைபேசி வந்தது. பேசி வைத்தவன் கோட்டைத் தலைகீழாகப் போட முயன்றான்.

"கெல்ஸோலேர்ந்து அந்த ஓக்ஸ் கூப்பிட்டாங்களாம். செலஸ்ட்டோட பேசணுமாம். அப்பாவும் இருந்தா நல்லதுன்னாங்களாம். பெவ், எதுக்கு அப்பா? எந்தக் காலேஜ் அப்பாவக் கூப்பிடும்?"

அந்த நிலைமையில் அவன் பனியில் வண்டி ஓட்டக் கூடாது என்று நானே கூட்டிக்கொண்டு போனேன். டன்னிங்கின் அறை சின்னது. செலஸ்ட் வகுப்பிலிருந்து வந்து முன்பே உட்கார்ந்திருந்தாள். உள்ளங்கையில் ஒரு கல்லை உருட்டிக்கொண்டிருந்தாள். நான் வெளியே நிற்கப் போனேன், லயனல் என் கை முட்டியைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. டன்னிங் தொலைபேசியை எல்லோருக்கும் கேட்கும்படி மேசை நடுவில் வைத்தார்.

"செலஸ்ட், நேராவே கேட்டுடறேன்" என்றது ஓக்ஸின் குரல். கடுமை இல்லை, களைப்பு இருந்தது. "நீங்க அனுப்பின கட்டுரைய எழுதினது யாரு?"

செலஸ்ட் அப்பனைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான்தான் என்று அவள் சொல்லிவிடுவாளோ என்று எனக்குப் பதறியது. சொல்லியிருந்தால் அப்பன் தப்பிப்பான், அவள் பொய்க்காரி ஆவாள்.

"நடந்ததெல்லாம் எனக்கு நடந்தது மேடம்" என்றாள். "வாக்கியமெல்லாம் அப்பாவோடது."

லயனல் எழுந்தான். தொலைபேசிக்கு முன்னால் எழுந்து நிற்க வேண்டியதில்லை, ஆனாலும் நின்றான். "தப்பு என்னோடது. அவ கமா பாக்கத்தான் குடுத்தா. நான்தான்... என் தொழிலே அதுதான். கை நிக்கல."

"எத்தன கமா சார் மாத்தினீங்க?"

டன்னிங் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"அந்த ஆறு மார்க்கப் பாத்துதானே உங்களுக்குச் சந்தேகம் வந்துச்சு?" என்று கேட்டான் லயனல். "மார்க்கு அவ்வளவு குறைவு, கட்டுரை இவ்வளவு நல்லாயிருக்கே, எப்படின்னு."

"இல்ல சார். உள்ளதச் சொல்லிடறேன். எழுத்து மார்க்க நான் ஒரு பார்வை பாத்துட்டு அடுத்ததுக்குப் போயிடுவேன். இருபத்தஞ்சு நிமிஷத்துல ஒரு புள்ள எழுதினத வச்சு நான் யாரையும் எடுத்ததும் இல்ல, தள்ளினதும் இல்ல. உங்க மக பாடத்துல வாங்கினது, வாத்தியாருங்க எழுதிக் குடுத்தது, அதெல்லாம் எனக்குப் போதும். கட்டுரையப் படிச்சப்பதான் யோசன வந்துச்சு. அது ஐம்பது வயசு ஆம்பளை எழுதின கட்டுரை. அதனாலதான் பரீட்சைல அவங்க கைப்பட எழுதின பக்கத்த வரவழைச்சுப் பாத்தேன். அதுக்கு எங்களுக்கு வழி உண்டு. எல்லாருக்கும் பாக்கிறதில்ல."

"நான் கை வைக்காம இருந்திருந்தா?"

"அந்தப் பக்கத்த நான் திறந்தே இருக்க மாட்டேன்."

எவ்வளவு முக்கியம், எவ்வளவு முக்கியம் என்று ஏழெட்டு மாசமாக ஊர் பூராவும் கேட்டுத் திரிந்தவனுக்கு அன்று பதில் கிடைத்துவிட்டது. யாரும் பொருட்படுத்தாத ஒரு மார்க். அதற்குப் பயந்து பயந்து அதை மேசைக்கு நடுவில் கொண்டுவந்து வைத்தவன் அவன்தான். அவன் உட்கார்ந்த விதத்தைப் பார்த்து, அவனைத் திட்ட நான் மனசில் சேர்த்து வைத்திருந்ததெல்லாம் போய்விட்டது.

"இன்னொண்ணு" என்றார் ஓக்ஸ். "அந்தக் கையெழுத்துப் பக்கத்துல ஒரு பென்சில் வருது. அதப் படிச்சதும் கட்டுரைய யாரு எழுதியிருப்பாங்கன்னு எனக்குப் புரிஞ்சுபோச்சு. அதான் அப்பாவையும் கூப்பிடச் சொன்னேன். செலஸ்ட், அந்தக் கட்டுரைய ஒதுக்கி வச்சிடறேன். அந்தப் பரீட்சைப் பக்கத்தத்தான் கமிட்டிக்கு எடுத்துட்டுப் போவேன். ஆனா நடந்ததையும் சொல்லித்தான் ஆகணும். மறைக்க முடியாது. புரியுதா?"

"புரியுது மேடம்" என்றாள் செலஸ்ட். காது வரை சிவந்திருந்தாள்.

பள்ளிக்கூட வாசலில் வண்டிமேல் விழுந்திருந்த பனியை நான் சுரண்டிக்கொண்டிருந்தபோது லயனல் மகள் பக்கம் போனான்.

"அந்தப் பக்கத்துல என்னம்மா எழுதின?"

"விடுப்பா."

"சொல்லு. அதத்தானே இப்ப கொண்டுபோறாங்க. நல்லா வந்திருக்கா? முடிவு இருக்கா அதுல? இப்ப ஏதாவது செய்ய முடியுமான்னு—"

"அத நீ திருத்த முடியாதுப்பா" என்றாள். "அது போயாச்சு."

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவன் தாங்கியிருப்பான். வகுப்புக்கு மணி அடித்தது, உள்ளே போய்விட்டாள்.

அதற்கப்புறம் வந்த வாரங்கள் இருக்கின்றனவே, அப்படி ஒரு காலம் யாருக்கும் வரக் கூடாது. அவன் நகத்தைக் கடித்துச் சதை வரை போய்விட்டான். வேலையில் கோட்டை விட்டான். ஹாக்கியில் தோற்ற ஊரை ஜெயித்ததாகப் போட்டுவிட்டோம், அந்த ஊர்க்காரர்கள் நன்றி சொல்லிக் கூப்பிட்டார்கள். மெனு அட்டையைத் தொடுவதில்லை. கோயில் தாளைத் தொடுவதில்லை. ஃபாதர் ரூயே கவலைப்பட்டு என்னிடமே வந்து, "உடம்பு சரியில்லையா அவனுக்கு? மூணு வாரமா என் பிழையெல்லாம் அப்படியே கிடக்கு" என்று கேட்டார். வீட்டில் இரண்டு பேரும் மரியாதையாகப் பேசிக்கொள்கிறார்கள் என்றான் லயனல். அவர்கள் வீட்டில் மரியாதை என்பது நல்ல சகுனம் இல்லை.

தபாலில் தடித்த உறை வந்தால் இடம் கிடைத்தது, மெல்லியது வந்தால் இல்லை. இது இந்தப் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஏப்ரல் பிறந்ததும் வந்தது மெல்லியது. விண்ணப்பங்கள் ஏராளம், இடங்கள் குறைவு, வருந்துகிறோம். காரணம் ஒரு வரிகூட இல்லை, அவர்கள் யாருக்கும் சொல்வதில்லை. செலஸ்ட் படித்துவிட்டு மாடிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாளாம். லயனல் என் வீட்டு வாசலில் வந்து நின்றான்.

"மார்க்கா பெவ்? கட்டுரையா? நானா? கூப்பிட்டுக் கேக்கட்டுமா?"

"கேட்டா சொல்ல மாட்டாங்க."

"நீ என்ன நெனைக்கிற?"

"நீதான்னு சொன்னா தூங்குவியா, நீ இல்லன்னு சொன்னா தூங்குவியா? எத வேணா சொல்றேன், தூங்குறதுன்னா."

அவன் என் சமையலறையில் உட்கார்ந்து, ஆறின காப்பியை முன்னால் வைத்துக்கொண்டு அழுதான். லுசீல் போனபோதுகூட அவன் இப்படி அழுது நான் பார்த்ததில்லை. அவள் அடக்கத்தன்று நிமிர்ந்து நின்று எல்லோருக்கும் கை கொடுத்தவன் அவன்.

மறுநாள் ஆபீசுக்கு வந்தவன் தன் மேசைக்குப் போகாமல் என் கவுன்டருக்கு முன்னால், ஊர்க்காரர்கள் நிற்கிற பக்கம் வந்து நின்றான். கையில் மடித்த தாள். எழுதினவர்கள் தங்கள் பரீட்சைப் பக்கத்தைத் தாங்களே கணினியில் எடுத்துப் பார்க்கலாம். முந்தின சாயங்காலம் செலஸ்ட் மாடியிலிருந்து இறங்கி வந்து, "எந்நேரமும் கேட்டுக்கிட்டே இருந்தியே, இந்தா" என்று அச்செடுத்து அவன் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள்.

"படி" என்றான்.

உதவி செய்யப் போய் இடைஞ்சல் செய்வது உண்டா என்பது பரீட்சையில் வந்த கேள்வி. மேலே பாதிப் பக்கம் அடித்தல் திருத்தல், ஒரே வரி ஐந்தாறு விதமாக. அப்புறம் ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே எழுத்து பெரிசாகி வேகமாக ஓடியிருந்தது. 'என் அம்மா இறந்தபோது பத்திரிகையில் போட நானும் ஒன்று எழுதினேன், எனக்கு அப்போது பதினோரு வயது. என் அப்பா பத்திரிகையில் பிழை திருத்துகிறவர். அழுதுகொண்டே என் தாளை எடுத்துத் திருத்தினார். அவர் திருத்தி முடித்ததும் அதில் யாரோ ஒரு நல்ல பெண்மணி இருந்தார். எங்கள் அம்மா இல்லை. அப்பா உதவிதான் செய்தார், எனக்குத் தெரியும், அவர் கையிலிருந்து பென்சிலை எடுத்திருந்தால் அவர் விழுந்திருப்பார், அதனால் நான் சும்மா இருந்தேன்.' இவ்வளவுதான். நேரம் முடிந்து, கடைசி வாக்கியம் பாதியில் நின்றது.

அந்தப் பெண் நவம்பர் முழுக்க வாய் பேசாமல் மாற்றித் தட்டச்சு செய்து கொடுத்ததற்குக் காரணம் எனக்கு அப்போதுதான் விளங்கியது. லுசீலின் மரண அறிவிப்பை வாங்கிப் போட்டவள் நான்தான். லயனல் சுத்தமாகத் தட்டச்சு செய்து கொண்டுவந்து கொடுத்தான். 'புன்னகை மாறாத முகமும் பிறருக்கு உதவும் உள்ளமும் கொண்ட' என்று இருந்தது. அதற்கு முன்னால் ஒரு குழந்தையின் தாள் இருந்தது என்று எனக்குத் தெரியாது.

"அவ எழுதினது என்ன, ஞாபகம் இருக்கா?" என்று கேட்டேன்.

"இருக்கு" என்றான். "நான் எத அடிச்சேனோ அதெல்லாம் எனக்கு ஞாபகம் இருக்கும்."

மே மாசம் லுசீலின் நாள் வருகிறது. எங்கள் பத்திரிகையில் நான்காம் பக்கத்தில், இறந்தவர்களின் நாளன்று வீட்டார் நினைவுக் குறிப்பு போடுவது வழக்கம். அவன் ஒரு வருஷமும் போட்டதில்லை. என் கவுன்டரில் கிடந்த படிவத்தை எடுத்து, நின்றுகொண்டே பேனாவால் எழுதிக் கொடுத்தான்.

'லுசீல் வொசின். எங்கம்மா சிரிச்சா பக்கத்து வீட்டு நாய் குரைக்கும். இப்ப நாய் சும்மா இருக்கு. செலஸ்ட்.'

எனக்கு லுசீலின் சிரிப்பு காதில் கேட்டது. ஆமாம், அப்படித்தான் சிரிப்பாள், தெருமுனை வரை கேட்கும். புன்னகை மாறாத முகமாம்.

"அச்சுக்குப் போறதுக்கு முன்ன ஒரு தடவ பாத்துத் தரணுமா?" என்று கேட்டேன். கவுன்டருக்கு வருகிற எல்லோரிடமும் கேட்கிற கேள்வி அது.

"வேண்டாம்" என்றான் லயனல்.

அது வந்த அன்று செலஸ்ட் சலவை அறை உடுப்போடு நேராக என்னிடம் வந்தாள். அதற்குள் அவள் மாநிலப் பல்கலைக்கழகத்துக்குப் பெயர் கொடுத்துவிட்டிருந்தாள். கெல்ஸோவைப் பற்றி யாராவது எடுத்தால் முகம் இன்னும் இறுகும். நான்காம் பக்கத்தை மட்டும் கிழித்துக் கையில் வைத்திருந்தாள்.

"இது அப்பா குடுத்ததா ஆன்ட்டி?"

"அப்பாதான்."

"அவரே எழுதினாரா? எதையும் மாத்தாம?"

"மாத்தல. கமாகூட."

ஊர்க்காரர்கள் நிற்கிற பக்கத்தில் கிடந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். தாளை மடியில் விரித்து இன்னொரு தடவை படித்தாள். உள்ளே திருத்துகிற மேசையில் லயனல் எங்கள் பக்கம் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான். அவள் வந்தது அவனுக்குத் தெரியும், திரும்பிப் பார்க்கத் தைரியமில்லை. பிறகு அவள் எழுந்து கவுன்டரின் மடக்குப் பலகையைத் தூக்கித் திறந்து உள்ளே போனாள். அவன் தோளுக்கு மேலாகக் குனிந்து, முதியோர் இல்லத்துக் கிழவரைப் பற்றித் தான் முதலில் எழுதின தாளைப் பையிலிருந்து எடுத்து அவன் முன்னால் வைத்தாள்.

"சும்மா படிக்கத்தான்பா" என்றாள்.

லயனல் இரண்டு கையையும் மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டு படித்தான். சூப்பு வந்த இடத்தில் சிரித்தான்.